ஆமைக்குஞ்சின் குறிப்பு

மாசி, பங்குனி மாதங்களில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கொட்டிவாக்கம் கடற்கரையில் ஒரு சிறு கூட்டம் வடக்கு நோக்கி நடந்து போகும். கல்லூரிப் பிள்ளைகள், ஐ.டி. வேலையில் இருப்பவர்கள், தூக்கம் வராத பெரியவர் ஒருவர் இருவர். 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, பங்குனி ஆமை கரையேறிய தடம் மணலில் தெரிகிறதா என்று தேடிக்கொண்டே போவார்கள். தடம் முடிகிற இடத்தில் குழி. குழிக்குள் நூற்றுச் சொச்சம் முட்டை. அதைப் பக்குவமாக எடுத்துப் போய் வேலி போட்ட இடத்தில் புதைத்து வைப்பார்கள். ஒன்றரை மாதம், கொஞ்சம் முன்பின் ஆனதும் குஞ்சு பொரித்துவிடும்.

முட்டையை இடம் மாற்றுவதற்கு நாய் ஒரு காரணம். இன்னொரு காரணம் விளக்கு. மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் ஆமைக்குஞ்சுக்குப் பக்கத்தில் தாயும் கிடையாது, வழி சொல்ல ஆளும் கிடையாது. அதனிடம் இருப்பது ஒரே விதி: தாழ்ந்த அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அதுதான் கடல். மனிதன் விளக்கேற்றும் வரை இந்த விதி அநேகமாகப் பொய்த்ததில்லை. நிலவும் நட்சத்திரமும் பட்டு நீர்ப்பரப்பு மினுங்கும். கரைப்பக்கம் மணல்மேடும் புதருமாய் இருண்டு கிடக்கும். இன்று கொட்டிவாக்கத்தில் கிழக்கே இருட்டு, மேற்கே ஈ.சி.ஆர். தெருவிளக்கும் அடுக்குமாடி விளக்கும் உணவகங்களின் சரவிளக்கும் கடலைவிடப் பல மடங்கு பிரகாசம். குஞ்சு தயங்காமல் சாலையைப் பார்த்து நகர்கிறது.

அதன் கண்ணில் பழுதில்லை. வெளிச்சம் நிஜமாகவே அங்கேதான் இருக்கிறது. ‘வெளிச்சம்’ என்பதோடு நின்றிருந்தால் பிழையே இல்லை. ‘வெளிச்சம், ஆகவே கடல்’ என்ற இடத்தில்தான் எல்லாம் தலைகீழாகிறது. கண் கொடுத்ததற்கும் மனம் எடுத்துக்கொண்டதற்கும் இடையே ஒரு மயிரிழைச் சந்து இருக்கிறது. பௌத்த உளவியல் முக்கால்வாசி அந்தச் சந்தைப் பற்றியதுதான் என்று சொன்னால் பிக்குகள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய ‘விசுத்திமக்க’த்தில் ஆமைக்குஞ்சுக்குப் பதிலாக மான்குட்டி வருகிறது. புல்லைக் கட்டி நிறுத்திய வெருளியைக் கண்டு, ஆள் நிற்கிறான் என்று மான்குட்டி மிரள்கிறது. பாலியில் ‘சஞ்ஞா’ எனப்படும் மனத்தொழிலுக்கு அவர் கொடுக்கும் உவமைகளில் அது ஒன்று. எதிரே வந்தது எப்படித் தோன்றுகிறதோ அப்படியே பிடித்துக்கொள்வது சஞ்ஞையின் இயல்பு. சரியா தவறா என்று விசாரிப்பது அதன் இலாகா இல்லை.

புத்தகோசர் நமக்கு அந்நியரும் இல்லை. புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த ‘மஜ்ஜிம நிகாய’த்துக்கு எழுதிய உரையின் முடிவில், மயூரப் பட்டினம் ஒன்றில் முன்பு தம்மோடு தங்கியிருந்த புத்தமித்திரர் என்ற தேரர் கேட்டுக்கொண்டதை நினைவுகூர்கிறார். ‘அங்குத்தர நிகாய’ உரையில் காஞ்சிபுரத்தில் உடனிருந்த ஜோதிபாலர் வருகிறார். அந்த மயூரப் பட்டினம் மயிலாப்பூர் என்பவர்கள் உண்டு, மயிலாடுதுறை என்பவர்களும் உண்டு. மயிலாப்பூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் எனக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டினம் என்றாலே கடற்கரை ஊர்தானே என்று வாதாடவும் தயார். விருப்பம் இருந்தால் சான்று தானாக அந்தப் பக்கம் சாய்ந்து தெரியும் என்பதற்கு, கட்டுரைக்குத் தோதாக, நானே ஒரு சாட்சி.

சஞ்ஞாவைத் தமிழில் எப்படிச் சொல்வது? புலனுணர்வு, புலக்காட்சி என்றெல்லாம் பாடப்புத்தகச் சொற்கள் இருக்கின்றன. ஆனால் சாத்தனார் வேலையை எப்போதோ முடித்துவிட்டுப் போய்விட்டார். ‘மணிமேகலை’யின் முப்பதாவது, கடைசிக் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருமம் சொல்கிறார். அங்கே ஐந்து கந்தங்கள் வருகின்றன: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. மனிதன் என்று நாம் அழைக்கும் மூட்டையை அவிழ்த்தால் இந்த ஐந்துதான். ஆறாவதாக ‘நான்’ என்று ஒன்று உள்ளே ஒளிந்திருக்கவில்லை என்பது பௌத்தத்தின் கட்சி. மூன்றாவதாக நிற்கிற குறிப்புதான் சஞ்ஞா.

மதுரைக் கூலவாணிகன் என்று மரபு சாத்தனாரைச் சொல்கிறது. தானிய மூட்டைகளுக்கு அடையாளம் போட்டுப் பழகிய கை போலும், சொல் அவ்வளவு கச்சிதமாக விழுந்திருக்கிறது. விசுத்திமக்கத்தில் புத்தகோசர் கொடுக்கும் இன்னோர் உவமையைப் பாருங்கள்: தச்சர் மரத்துண்டுகளில் குறி போடுவது போன்றது சஞ்ஞை. மறுபடி பார்க்கும்போது ‘இது அதுதான்’ என்று தெரிய வேண்டும், அதற்காக இப்போதே ஓர் அடையாளம். எங்கள் தெருவில் சலவைக்குப் போகும் சட்டைக் காலருக்குள் கறுப்பு மையில் இரண்டு புள்ளி, ஒரு கோடு. குப்பத்தில் வலை மிதவையில் கட்டும் துணித்துண்டு. சட்டையின் தையலோ துணியின் தரமோ அந்தக் குறிக்குத் தெரியாது. இன்னார் வீட்டுச் சட்டை, அவ்வளவே. முதலில் குறிப்பது, பிறகு அந்தக் குறிப்பைக் கொண்டு கண்டுபிடிப்பது: இரண்டு வேலையும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. நினைவும் பார்வையும் அங்கே ஒட்டிப் பிறந்த இரட்டைகள்.

குறிப்பு என்பது முழு அறிவு இல்லை என்பதையும் புத்தகோசர் விளக்குகிறார். நாணயம் மாற்றுபவரின் பலகையில் காசுக் குவியல் கிடக்கிறது. சிறு பிள்ளை அதைப் பார்க்கிறது: வட்டமாக, சித்திரம் போட்டதாக, அழகாக ஏதோ இருக்கிறது. அது சஞ்ஞா. நாட்டுப்புறத்து ஆள் பார்க்கிறார்: இதைக் கொடுத்தால் பொருள் வாங்கலாம் என்பதும் அவருக்குத் தெரிகிறது. அது விஞ்ஞானம், அதாவது அறவண அடிகள் சொன்ன அறிவு. நாணயக்காரர் பார்க்கிறார், தட்டிக் கேட்கிறார், முகர்கிறார், நாக்கில் வைக்கிறார், கையில் எடைபோடுகிறார், நல்லதா கள்ளதா, எந்த ஊரில் எந்தக் கொல்லன் அடித்தது என்பதுவரை சொல்லிவிடுகிறார். அது பஞ்ஞா, மெய்யறிவு. நாணயம் பார்ப்பவருக்குப் பழந்தமிழில் வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர்களிலேயே வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒருவர் உண்டு. தியானத்தின் நோக்கம் என்ன என்று யாராவது கேட்டால், பிள்ளையின் பார்வையை வண்ணக்கன் பார்வையாக்குவது என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் வண்ணக்கனும் அந்த வட்டத்தையும் சித்திரத்தையும் பார்த்துத்தான் தொடங்குகிறார் என்பது முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

சம்யுத்த நிகாயத்தில் ஐந்து கந்தங்களுக்கும் ஐந்து உவமைகள் சொல்லப்படுகின்றன. உருவு ஆற்றில் மிதந்து வரும் நுரை. நுகர்ச்சி மழைத்துளி விழுந்து எழும் குமிழி. பாவனை உள்ளே வைரமில்லாத வாழைத்தண்டு. அறிவு வித்தைக்காரனின் கண்கட்டு. குறிப்புக்கு வந்தது கானல்நீர். பழந்தமிழில் இதைப் பேய்த்தேர் என்பார்கள்.

சித்திரை வெயிலில் உச்சி நேரத்தில் ஈ.சி.ஆரில் ஒருமுறை போனால் இந்த உவமை விளங்கும். நூறு, இருநூறு மீட்டர் முன்னால் தார்ச்சாலை நனைந்து கிடக்கும்; எதிரே வரும் பஸ்ஸின் பிம்பம்கூட அதில் தலைகீழாக ஆடும். நெருங்கினால் தண்ணீர் இன்னும் தள்ளிப் போய்விடும். காரணம் எளியது. கொதிக்கும் தாரை ஒட்டிய காற்று மேலே இருக்கும் காற்றைவிடச் சூடானது, அடர்த்தி குறைந்தது, ஆகவே ஒளிவிலகல் எண்ணும் குறைந்தது. வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஒளி அந்த அடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, சாலையைத் தொடாமலே மேல்நோக்கித் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. நாம் சாலையில் பார்ப்பது வானத்தை.

இதில் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. கானல்நீரை செல்போனில் படம் எடுக்கலாம், படத்திலும் அது விழும். அப்படியென்றால் அது கண்ணின் மாயம் இல்லை, மூளையின் மாயமும் இல்லை. ஒளி உண்மையாகவே அப்படித்தான் வருகிறது. கேமராவுக்கும் நமக்கும் வேறுபாடு, கேமரா ‘தண்ணீர்’ என்று சொல்வதில்லை. கீழே பளபளப்பு, அசைவு, தலைகீழ் பிம்பம் என்ற மூன்றையும் சேர்த்துத் தண்ணீர் என்று முத்திரை குத்துவது நாம். உவமை சொன்னவர் சஞ்ஞையைக் கனவுக்கோ பிரமைக்கோ ஒப்பிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியே ஏதோ இருக்கிறது. நாம் எடுத்துக்கொண்டபடி இல்லை.

மூளை இந்த முத்திரையை எவ்வளவு தாராளமாகக் குத்துகிறது என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். வெள்ளைத்தாளில் கோலப்புள்ளி போல இரண்டு புள்ளி வையுங்கள், எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் இடப்பக்கப் புள்ளியை மட்டும் பாருங்கள். தாளைக் கை நீட்டத்திலிருந்து மெல்ல அருகே கொண்டுவந்தால் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தூரத்தில் வலப்பக்கப் புள்ளி மறைந்துவிடும். விழித்திரையில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளி உணரும் செல்களே கிடையாது. புள்ளி அந்தக் குருட்டிடத்தில் விழுகிறது. அதுவல்ல வேடிக்கை. புள்ளி மறைந்த இடத்தில் ஓட்டையோ இருட்டோ தெரியாது, வெள்ளைத்தாள்தான் தெரியும். கோடு போட்ட தாளில் செய்தால் கோடுகள் அறுபடாமல் ஓடும். இல்லாத செய்தியை அக்கம்பக்கத்தைப் பார்த்து யாரோ நிரப்பிவிடுகிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், ரிச்சர்ட் கிரிகரியுடன் சேர்ந்து 1991-இல் இந்த நிரப்பு வேலையைச் செயற்கையாகவே உண்டாக்கிக் காட்டினார்.

பார்ப்பது என்பதே நாம் அறியாமல் நடக்கும் ஊகம் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னார். அதைக் கணித மாதிரியாக்கி 1999-இல் ராஜேஷ் ராவும் டானா பாலர்டும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மளிகைக்கடை முதலாளியையும் கணக்குப்பிள்ளையையும் நினைத்துக்கொள்ளுங்கள். இன்று என்ன விற்றிருக்கும் என்று முதலாளிக்கே ஒரு கணக்கு உண்டு. ‘வழக்கம்போலத்தான்’ என்றால் கணக்குப்பிள்ளை வாய் திறக்க வேண்டியதில்லை. வித்தியாசம் வந்தால் அதை மட்டும் சொன்னால் போதும். மூளையின் மேலடுக்குகள் கீழே ஊகத்தை அனுப்புகின்றன. கீழடுக்குகள் ஊகத்துக்கும் வந்த செய்திக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மேலே அனுப்புகின்றன. கொட்டிவாக்கம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பலகையின் எழுத்து தெளிவதற்கு முன்பே ‘நம்ம பஸ்’ என்று கால் முன்னே போய்விடுகிறதே, அது முதலாளியின் கணக்கு. கிட்டே வந்தபின் அசடு வழிவது கணக்குப்பிள்ளை கொடுத்த திருத்தம்.

இந்த இடத்தில் ‘நம் முன்னோர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்’ என்று மார்தட்ட ஆசை வரும். அடக்கிக்கொள்வது நல்லது. ராவும் பாலர்டும் கேட்ட கேள்வி வேறு, புத்தர் கேட்ட கேள்வி வேறு. காட்சி எப்படித் துல்லியமாகிறது என்பது விஞ்ஞானியின் கவலை. துக்கம் எந்தக் கண்ணியில் தொடங்குகிறது என்பது புத்தரின் கவலை. துல்லியமான பார்வையிலிருந்தும் துக்கம் வரலாம். வந்தது நம்ம பஸ்தான், ஆனால் நிற்காமல் போய்விட்டது!

அந்தக் கண்ணிகளை வரிசைப்படுத்திக் காட்டுவது மஜ்ஜிம நிகாயத்தில் வரும் மதுபிண்டிகச் சூத்திரம். தேன் உருண்டை என்று பொருள். மகாகச்சானர் என்ற சீடர் விளக்குகிறார். கண், உருவம், கண்ணறிவு மூன்றும் கூடுவது தொடுகை. மணிமேகலை இதை ஊறு என்கிறது. ஊறு உண்டானால் நுகர்ச்சி: இனிது, இன்னாதது, இரண்டுமற்றது. நுகர்ந்ததைக் குறிக்கிறோம். குறித்ததை நினைக்கிறோம். நினைத்ததைப் பெருக்குகிறோம், இந்தக் கடைசிக் கண்ணிக்குப் பாலியில் பபஞ்சம் என்று பெயர்.

வடமொழியில் இதே சொல்தான் பிரபஞ்சம். நாம் அதை அண்டசராசரத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். திருவான்மியூர் சிக்னலில் பச்சை விழுந்த அரை விநாடியில் பின்னால் ஒரு ஹாரன். செவியில் விழுந்தது ஓர் ஒலி. இன்னாத நுகர்ச்சி. ‘ஹாரன்’, குறித்தாகிவிட்டது. ‘என்னைப் பார்த்து அடிக்கிறான்’, நினைத்தாகிவிட்டது. இந்தத் தலைமுறையே இப்படித்தான், ஊரே கெட்டுப்போச்சு, போன மாதம் ஒருத்தன் இப்படித்தான்… கொட்டிவாக்கம் வந்து சேர்வதற்குள் ஒரு பிரபஞ்சமே உருவாகிவிடுகிறது. ஹாரன் எப்போதோ நின்றுவிட்டது.

இலங்கைப் பிக்கு கட்டுகுருந்தே ஞானானந்தர் 1971-இல் வெளியான தம் நூலில் இந்தச் சூத்திரத்தின் இலக்கணத்தில் ஒரு நுட்பத்தைச் சுட்டினார். நுகர்ச்சிவரை வாக்கியங்களில் ஆள் இல்லை. மழை பெய்வது போல, இது இருக்க அது எழுகிறது. நுகர்ச்சியைத் தாண்டியதும் வினைமுற்றுகளில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்துகொள்கிறான்: நுகர்கிறான், குறிக்கிறான், நினைக்கிறான், பெருக்குகிறான். கடைசி வாக்கியத்தில் அந்த ஆளே செயப்படுபொருளாகிவிடுகிறான். அவன் பெருக்கியவை அவன்மேல் வந்து விழுகின்றன. எழுவாய் இல்லாமல் தொடங்கி, எழுவாய் முளைத்து, அந்த எழுவாய் அடிபடுவதில் முடிகிற ஒரே பத்தி. இலக்கணத்தைக் கொண்டு உளவியல் சொன்ன இடங்களில் இதற்கு இணையாக நான் இன்னொன்றைப் படித்ததில்லை. இந்தச் சூத்திரம் இருக்கும் நிகாயத்துக்குத்தான் மயூரப் பட்டினத்துத் தோழர் கேட்டு புத்தகோசர் உரை எழுதினார். உரையின் பெயர் ‘பபஞ்சசூதனி’, பபஞ்சத்தை ஒழிப்பது.

அப்படியானால் குறிப்பே எழாத பார்வை ஒன்று உண்டா? பெயர் சூட்டாமல் வெறுமே பார்ப்பது? மணிமேகலையின் 29-ஆவது காதை இதற்குத் தருக்க நூல் வழியில் ஒரு சொல் தருகிறது. அறியும் வழிகளான அளவைகள் இரண்டே: பிரத்தியக்கம், கருத்தளவு (ஊகம்). பிரத்தியக்கம் என்பது சுட்டுணர்வு. பெயர், சாதி, குணம், கிரியை என்ற நான்கையும் அதிலிருந்து கழித்துவிட வேண்டும். ‘வெள்ளைப் பசு ஓடுகிறது, அதன் பெயர் லட்சுமி’ என்றால் நான்கும் வந்துவிட்டன. அவற்றுக்கு முந்திய ‘இதோ’ மட்டுமே சுட்டுணர்வு. இது பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகரின் கொள்கை. திக்நாகர் காஞ்சிப் பக்கத்துக்காரர் என்பது திபெத்திய மரபு. காவியத்தின் கதாநாயகிக்கு ஒரு முழுக் காதை தருக்கம் நடத்தும் துணிச்சல் சாத்தனாருக்கு இருந்தது. பள்ளிப் பாடத்தில் அந்தக் காதையை மட்டும் நாசூக்காகத் தாண்டிவிடும் துணிச்சல் நமக்கு இருக்கிறது.

சுட்டுணர்வு உண்டு என்று தருக்கத்தால் நிறுவலாம். அதில் குடியிருக்க முடியுமா என்பது வேறு. அபிதம்ம நூல்களின்படி சஞ்ஞா எல்லாச் சித்தங்களோடும் கூடவே எழும் ஏழு சேதசிகங்களில், அதாவது மனக்கூறுகளில், ஒன்று. அதாவது சாதாரணமாகக் குறிப்பில்லாத கணமே கிடையாது. தியானம் என்றால் மனத்தைக் காலி செய்வது, லேபிள்களைக் கிழித்துப் போடுவது என்று வார இதழ்களிலும் காணொளிகளிலும் சொல்லப்படுவதில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். பௌத்தப் பயிற்சிமுறை குறிப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. குறிப்பைக் கொண்டே குறிப்பைத் திருத்துகிறது. வண்ணக்கனும் வட்டத்திலும் சித்திரத்திலும்தானே தொடங்கினார்.

நிறைய சாட்சி உண்டு. நோயுற்றுக் கிடந்த கிரிமானந்தர் என்ற பிக்குவுக்குப் போய்ச் சொல்லுமாறு புத்தர் ஆனந்தருக்குப் பத்து விஷயங்களைச் சொல்கிறார். நிலையாமை தொடங்கி மூச்சைக் கவனிப்பது வரை பத்துக்கும் சஞ்ஞை என்றுதான் பெயர். கசிணம் என்ற முறையில் ஒரு சாணும் நாலு விரலும் அகலமுள்ள மண்வட்டத்தைச் செய்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்ணை மூடினாலும் அது அப்படியே தெரிய ஆரம்பித்தால் அதற்கு நிமித்தம் என்று பெயர். நிமித்தம் என்றாலும் குறிதான். விசுத்திமக்கம் இன்னும் ஒருபடி போகிறது: சதி, அதாவது விழிப்பான கவனம், எழுவதற்கு அண்மைக் காரணம் உறுதியான சஞ்ஞை என்கிறது. மான்குட்டியை ஏமாற்றிய அதே ஆள், இப்போது காவல்காரன். பர்மாவின் மகாசி சயாடோ (1904–1982) பரப்பிய முறையில் வயிறு எழும்பும்போது ‘எழுகிறது’, விழும்போது ‘விழுகிறது’, கேட்கும்போது ‘கேட்கிறது’ என்று மனத்துக்குள் மெல்லக் குறித்துக்கொண்டே போக வேண்டும். லேபிளைக் கிழிப்பது அல்ல, லேபிளைச் சிறியதாக்குவது. ‘என்னைப் பார்த்து ஹாரன் அடிக்கிறான்’ என்பதற்குப் பதில் ‘கேட்கிறது’.

விசுத்திமக்கத்தில் ஒரு கதை. மகாதிஸ்ஸர் என்ற தேரர் மிகிந்தலை மலையிலிருந்து அநுராதபுரத்துக்குப் பிட்சைக்கு வருகிறார். கணவனோடு சண்டையிட்டு, நன்றாக அலங்கரித்துக்கொண்டு பிறந்தகம் போகும் ஒரு பெண் அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவர் கண்ணில் பட்டவை பற்கள். பற்கள் எலும்பு என்ற குறிப்பு எழுகிறது. அதையே பற்றி அவர் விடுதலை அடைந்துவிடுகிறார். பின்னால் தேடிக்கொண்டு வந்த கணவன், வழியில் ஒரு பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்க, போனது ஆணா பெண்ணா தெரியாது, எலும்புக்கூடு ஒன்று போனது என்கிறார் தேரர். இந்தக் கதை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அவள் ஏன் சண்டையிட்டாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் கதையின் நேர்மை பிடிக்கும். எலும்புக்கூடு என்பதும் உண்மை முழுவதும் இல்லையே. பெண் என்பது ஒரு குறிப்பு என்றால் எலும்பு என்பது இன்னொன்று. ஆசை என்ற நோய்க்கு அது மருந்து என்றுதான் மரபு சொல்கிறது; பார்த்ததில் எஞ்சிய உண்மை அதுதான் என்று சொல்வதில்லை.

ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடும் தொண்டர்களும் ஒரு குறிப்பை இன்னொன்றால் திருத்தும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அலை ஓரத்தில் ஒருவர் டார்ச்சைக் காட்டிக்கொண்டு நிற்பார். குஞ்சுகள் அந்த வெளிச்சத்தைக் கடல் என்று எடுத்துக்கொண்டு சரசரவென்று இறங்கும். வெளிச்சம்தான் கடல் என்ற விதியைக் குஞ்சிடமிருந்து பிடுங்க முடியாது. விளக்கை இடம் மாற்றலாம்.

திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது போன்ற விபாசனா மையங்களில் பத்து நாள் வகுப்பு நடக்கிறது. எஸ்.என். கோயங்கா (1924–2013) பர்மாவில் கற்று 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை. அந்தப் பத்து நாளில் ஒரு கட்டத்தில், ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்கார வேண்டும். நான் அப்படி உட்கார்ந்தபோது, இருபதாவது நிமிடத்தில் என் வலது முழங்காலில் ‘வலி’ வந்தது. முப்பதாவது நிமிடத்தில் ‘மூட்டு தேய்ந்துவிட்டது’. முப்பத்தைந்தில் எங்கள் குடும்பத்தில் முழங்கால் அறுவை செய்துகொண்ட அத்தனை பேரும் வரிசையாக வந்து போனார்கள். நாற்பதுக்கு மேல், வேறு வழியில்லாமல், முழங்காலையே பார்த்தேன். வலி என்று ஒன்று அங்கே இல்லை. ஓர் ஓரத்தில் சூடு, நடுவில் துடிப்பு, அடியில் அழுத்தம், சில கணங்களில் எதுவுமே இல்லை. சூடு சூடாகத்தான் இருந்தது, இன்பமாகிவிடவில்லை. ஆனால் ‘மூட்டு’ போயிருந்தது. மணி அடித்தபின் எழுந்து நடந்தேன், முழங்கால் மறந்தே போய்விட்டது. அறிவியலில் இதற்கு மதிப்புக் கிடையாது. ஒற்றை ஆள், எதிர்பார்ப்போடு போனவர், தானே நோயாளி, தானே மருத்துவர்.

மதிப்புள்ள ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அவற்றின் வரலாறு வேடிக்கையானது, இந்தியாவிலிருந்து தொடங்குகிறது. 1961-இல் டெல்லியில் ஆனந்த், சின்னா, சிங் மூவரும் யோகிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். சமாதியில் இருக்கும்போது ஒலி, ஒளி எது கொடுத்தாலும் அவர்களின் ஆல்பா அலை கலையவில்லை. வாசல் அடைத்தாகிவிட்டது. 1966-இல் ஜப்பானில் கசமாட்சுவும் ஹிராயும் ஜென் துறவிகளிடம் நேர்மாறாக ஒன்றைக் கண்டார்கள். ‘கிளிக்’ என்று ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சாதாரண ஆட்களின் மூளை நாலைந்து முறைக்குப் பின் சட்டை செய்வதை நிறுத்திவிடும். நாம் மின்விசிறிச் சத்தத்தை மறந்துவிடுவதைப் போல. ஜென் துறவிகளின் மூளை கடைசிக் கிளிக்குக்கும் முதல் கிளிக்குக்குப் போலவே திரும்பிப் பார்த்தது. எவ்வளவு அழகான முடிவு! யோகி வாசலை அடைக்கிறார், பௌத்தர் வாசலைத் திறந்து வைத்துக் குறிப்பை மட்டும் அவிழ்க்கிறார். தத்துவத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. 1981-இல் பெக்கரும் ஷாபிரோவும் கூடுதல் கவனத்தோடு மறுபடி செய்து பார்த்தார்கள். ஜென், யோகம், ஆழ்நிலைத் தியானம், பயிற்சியே இல்லாதவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் பழக்கப்பட்டது. பொருத்தம் கலைந்துபோனது. எடுத்த எடுப்பில் தத்துவத்துக்கு அச்சாகப் பொருந்தும் ஆய்வைப் பார்த்தால் அன்றிலிருந்து எனக்கு ஒரு வெருளி ஞாபகம்.

பின்னால் வந்தவற்றில் இரண்டைச் சொல்லலாம். திரையில் எழுத்துகள் வேகமாக ஓட, நடுவே இரண்டு எண்கள் வரும். முதல் எண்ணைப் பிடித்தவர்கள் அடுத்த அரை விநாடிக்குள் வரும் இரண்டாவதை அடிக்கடி தவறவிடுவார்கள். மனம் முதல் எண்ணைக் குறித்துக்கொள்வதில் மூழ்கிவிடும். ஹெலீன் ஸ்லாக்டரும் சக ஆய்வாளர்களும் 2007-இல், மூன்று மாதம் தீவிர விபாசனா செய்த 17 பேரைச் சோதித்தார்கள். அவர்கள் இரண்டாவது எண்ணைப் பிடிப்பது கூடியிருந்தது. முதல் எண்ணுக்கு மூளை செலவிட்டது குறைந்திருந்தது. முதலில் வந்ததைப் பிடித்துத் தொங்காமல் விட்டுவிட்டார்கள் போல. 2011-இல் ஃபாடல் சைடனின் குழு, நான்கே நாள் பயிற்சி பெற்ற 15 பேரின் கெண்டைக்காலில் 49 டிகிரிச் சூட்டை வைத்தது. தியானத்தின்போது வலியின் அளவு 40 சதவீதம் குறைந்ததாகவும், அதன் துன்பம் 57 சதவீதம் குறைந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். இந்த இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லை என்பதுதான் என் கண்ணில் படுகிறது. சூடு வேறு, அதன் தொல்லை வேறு. மகாகச்சானரின் வரிசையில் இரண்டும் ஒரே கண்ணி இல்லை. 15 பேரும் 17 பேரும் சின்னக் கூட்டம் என்பதையும் மறக்க வேண்டாம். தியானம் வலியைக் குறைக்கும் என்று நம்பி உட்கார்ந்தவரின் எதிர்பார்ப்பும் ஒரு குறிப்புதான். அதைப் பிரித்தெடுப்பது ஆய்வாளர்களுக்கு இன்னும் தலைவலி.

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியாது, கேட்கும். இருபது ஆண்டுகளாக எனக்கு அது கேட்பதில்லை. ஊரிலிருந்து வருகிற விருந்தாளிதான் ‘அலைச் சத்தம் எப்படி இரையுது’ என்பார். நேற்று இரவு வேண்டுமென்றே உட்கார்ந்து கேட்டேன். முதலில் ‘அலை’ என்று ஒன்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது பிரிந்தது: தூரத்தில் ஒரு கனத்த தொப், அதற்கு மேல் அரிசி களைவது போல ஒரு சலசலப்பு, பிறகு மணல் இழுபடும் உறிஞ்சல், அடுத்து ஒன்றுமில்லாத ஓர் இடைவெளி. அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இல்லை. அடுத்தது எப்போது வரும் என்று மனம் எட்டிப் பார்ப்பதுகூடத் தெரிந்தது. பத்து நிமிடம் இருக்கலாம்.

அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ‘கேட்கிறது’ என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவதுக்கும் ‘கேட்கிறது’. மூன்றாவது விசிலில் பருப்பு வெந்திருக்கும் என்று தோன்றி, நாலாவதில் முருங்கைக்காய் சாம்பார்வரை போயிருந்தேன்.